பேட்டரி கொடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு

(ஆதரவாளர் குடும்பங்களின் வருடாந்தரக் கூடுகையில், எங்கள் மருத்துவமனையின் மின் பராமரிப்புப் பொறுப்பாளர் ஆற்றிய உரை. முகாம் வண்டியைப் பற்றி அநேகர் விசாரித்து எழுதியிருப்பதால் அதை இங்கே தருகிறோம்.)



இந்த மேடையில் வழக்கமாக டாக்டர் அம்மா பேசுவார்கள். அல்லது போதகர் ஐயா பேசுவார். நான் பேசிப் பழக்கப்பட்டவன் அல்ல. ஆஸ்பத்திரியில் ஃப்யூஸ் போனால் கூப்பிடுகிற ஆள் நான். ஆனாலும் இந்த வருடம் நானே பேசவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், உங்களுக்கு நான் ஒரு கணக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

நம்முடைய முகாம் வண்டிக்கு நீங்கள் மூன்று பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தீர்கள். முதலாவது 2015-இல், இரண்டாவது 2017-இல், மூன்றாவது 2018-இல். ஒவ்வொன்றும் நல்ல பேட்டரி, கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் ஐந்தாறு வருடம் உழைக்கக்கூடியவை. மூன்றையும் நாங்கள் கெடுத்துப்போட்டோம். வேண்டுமென்று அல்ல, அறியாமல். ஆனால் காணிக்கைப் பணத்தில் வாங்கிய பொருள் அறியாமையால் கெட்டாலும் அது கெட்டதுதான். அது எப்படிக் கெட்டது, பிறகு என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்னே டிரைவரும் ஒரு சிஸ்டரும் உட்காருவார்கள். பின்னே ஒரு படுக்கை, மருந்து அலமாரி, ஒரு சிறிய குளிர்பெட்டி, நான்கு விளக்கு, ஒரு மின்விசிறி, நெபுலைசர், சளி உறிஞ்சும் கருவி, இ.சி.ஜி. இயந்திரம். இது கொல்லிமலைக்குப் போகிற வண்டி. காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். நம் ஆஸ்பத்திரியிலிருந்து முகாம் இடத்துக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். மலையில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் நோயாளிகள் வந்து சேரக்கூடிய இடத்தில்தான் வண்டியை நிறுத்தவேண்டும். அங்கே மின்கம்பம் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. மழை பெய்தால் கம்பம் இருந்தும் பயனில்லை. ஆகையால் வண்டி தன் வெளிச்சத்தைத் தானே சுமந்துகொண்டு போகவேண்டும்.

2018-ஆம் வருடம் மழைக்காலத்தில் ஒரு இரவு. இரண்டு நாள் முகாம், முதல் நாள் முடிந்துவிட்டது. இரவு பத்து மணிக்குமேல் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை சுகம். தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. சிஸ்டர் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மின்சாரம் குறைந்ததும் அது தானாகவே நின்றுவிட்டிருக்கிறது. எப்போது நின்றதென்று ஒருவருக்கும் தெரியாது. கர்ப்பப்பை சுருங்குவதற்காகப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டியது. வெப்பத்தில் இருந்தால் அதன் சக்தி குறையும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சிஸ்டர் அதைத்தான் போட்டார்கள். வேறு வழி இல்லை. கையால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். விளக்கு மங்கி மங்கி அணைந்துபோயிற்று. டிரைவர் அண்ணன் டார்ச் பிடித்தார்.

கீழே கொண்டுபோய்விடலாம் என்று சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. என்ஜினைக் கிளப்பும் பேட்டரியையும் பின்னால் உள்ள பேட்டரியையும் ஒரே வயரில் நேராக இணைத்திருந்தோம். பின்னது தான் காலியானதோடு முன்னதையும் காலியாக்கிவிட்டது. ஊரார் பதினைந்து பேர் மழையில் வண்டியைத் தள்ளினார்கள். சரிவு இருந்தபடியால் கிளம்பிற்று. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். கர்த்தருடைய கிருபை என்று சொல்கிறோம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கிருபையைச் சாக்காக வைத்து என் வேலையை நான் சரியாகச் செய்யாமல் இருக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பேட்டரி சரியில்லை, வேறு வாங்கவேண்டும்." நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் மூன்றாவது பேட்டரியை அனுப்பினீர்கள். அது ஒன்றரை வருடத்தில் போயிற்று. அப்போதுதான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பே உட்கார்ந்திருக்கவேண்டும்.

பத்துக் கன்னிகைகளின் உவமை நம் எல்லோருக்கும் தெரியும். புத்தியில்லாத ஐந்து பேரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெய்தான் இல்லை. நம் வண்டியின் கதையும் அதுவே. நீங்கள் திரும்பத்திரும்ப விளக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். அதில் எண்ணெய் ஊற்றும் வழி அடைபட்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறேன். வண்டி ஓடும்போது என்ஜினோடு சேர்ந்து ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது. டைனமோ என்று சொல்லுவோமே, அதுதான். அதிலிருந்து மின்சாரம் பேட்டரிக்கு வருகிறது. என்ஜின் ஓடுகையில் ஆல்டர்னேட்டர் முனையில் வைத்துப் பார்த்தேன், 14.2 வோல்ட் இருந்தது. சரியான அளவு. பின்னால் வந்து பேட்டரி முனையில் வைத்தேன். 13.1 வோல்ட்தான் இருந்தது. வழியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

காரணம் வயர். முன்னாலிருந்து பின்னால் போக ஆறு மீட்டர், திரும்பி வர ஆறு மீட்டர். போட்டிருந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர். வீட்டில் ஏ.சி.க்குப் போடுகிற அளவுதான். 230 வோல்ட்டில் அது தாராளம். அங்கே முக்கால் வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே முக்கால் வோல்ட்தான் எல்லாம். 15 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே ஏறக்குறைய முக்கால் வோல்ட் தொலைகிறது. மீதியைப் பச்சை பூத்துப்போன லக்கும் தளர்ந்த போல்ட்டும் தின்றுவிட்டன.

ஒரு வோல்ட் குறைந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஈய அமில பேட்டரி முழுவதும் நிறைய அதன் முனையில் சுமார் 14.4 வோல்ட் வந்து, அப்படியே சில மணி நேரம் நிற்கவேண்டும். முதல் பங்கு வேகமாக ஏறும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிகவும் மெதுவாகத்தான் ஏறும். குறுகிய வாயுள்ள குடத்தை நிரப்புவதுபோல. நம் வண்டியோ இரண்டரை மணி நேரம்தான் ஓடுகிறது. அந்த நேரத்திலும் போதிய அழுத்தம் இல்லை. வந்த கொஞ்ச மின்சாரத்திலும் குளிர்பெட்டி ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. முகாம் முடிந்து திரும்பினால் ஷெட்டில் சார்ஜ் செய்யும் வசதி இல்லை. மறுநாள் வேறு ஊர். வாரம் முழுவதும் பேட்டரி அரை வயிற்றோடுதான் இருந்தது.

அரை வயிற்றோடு நாட்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அந்தப் பாகம் வேலை செய்யாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி நூறாகி, ஐம்பதாகி, ஒன்றுமில்லாமல் போகும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். பேட்டரியைக் குறை சொன்னோம். பட்டினி போட்டதோ நாம்.

இன்னொன்றும் செய்யாமல் விட்டிருந்தேன். ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்று நான் கணக்குப் போட்டதே இல்லை. போட்டுப் பார்த்தபோது இப்படி வந்தது. குளிர்பெட்டிக்கு 40 ஆம்பியர்-மணி. விளக்குகளுக்கு 15. மின்விசிறிக்கு 10. நெபுலைசருக்கும் சளி உறிஞ்சும் கருவிக்கும் 10. இ.சி.ஜி., கம்ப்யூட்டர், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் 15. ஆக ஒரு நாளைக்கு 90. ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்காமல் இருந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். 150-இல் பாதி 75. புத்தம் புதிய பேட்டரியாக இருந்து, முழுவதும் நிறைந்திருந்தாலும், முதல் நாள் இரவே எல்லை தாண்டிவிடுகிறோம். இரண்டு நாள் முகாமுக்கு அது ஒருக்காலும் போதாது. இந்தக் கூட்டல் கணக்கைப் போட ஒரு துண்டுக் காகிதம் போதும்.

இதற்கு வழி தேடினபோது எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓய்வுபெற்றவர்கள் சமையலறை, படுக்கையோடுகூடிய வண்டியில் ஊர் ஊராகப் போய், மின் இணைப்பு இல்லாத காட்டிலும் பாலைவனத்திலும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஆர்.வி. என்றும் கேரவன் என்றும் அதைச் சொல்லுகிறார்கள். அவர்கள் போவது உல்லாசத்துக்கு; நாம் போவது வைத்தியத்துக்கு. ஆனால் பேட்டரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மெல்லிய வயர், நிறையாத பேட்டரி, காலையில் கிளம்பாத வண்டி என்று அவர்களும் இதே பாட்டைத்தான் பட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழிகளையே நாமும் 2021-இல் ஒவ்வொன்றாகச் செய்தோம். செய்த வரிசையிலேயே சொல்லுகிறேன், ஏனென்றால் வரிசைதான் முக்கியம்.

முதலாவது, வயர். 4 சதுர மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டோம், போகவும் வரவும். இப்போது 30 ஆம்பியர் ஓடினாலும் கால் வோல்ட்தான் குறைகிறது. லக்குகளை அமுக்கிப் பொருத்தும் கருவியால் இறுக்கினோம். இரண்டு பேட்டரியின் பக்கத்திலும் ஒவ்வொரு ஃப்யூஸ். ஒரு பக்கம் மட்டும் ஃப்யூஸ் இருந்து, நடுவில் வயர் உரசி உடம்பில் பட்டால், மறுபக்கத்து பேட்டரி வண்டியைக் கொளுத்திவிடும்.

இரண்டாவது, ஷெட்டில் ஒரு ப்ளக் பாயிண்ட்டும் நல்ல சார்ஜரும். வண்டி வந்து நின்றவுடன் டிரைவர் அண்ணன் அதைச் செருகிவிடுகிறார். காலையில் நிறைந்த பேட்டரியோடுதான் புறப்படுகிறோம். செலவில் மிகவும் சிறியது இதுதான். ஆறு வருடம் செய்யாமலிருந்தோம்.

மூன்றாவது, டி.சி.–டி.சி. சார்ஜர் என்ற ஒரு சிறு பெட்டி. இதை முன் பேட்டரிக்கும் பின் பேட்டரிக்கும் நடுவே வைக்கிறோம். முன்னாலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, பின் பேட்டரிக்கு என்ன வோல்ட் வேண்டுமோ அந்த அளவுக்கு உயர்த்திக் கொடுக்கிறது. நம்முடையது 30 ஆம்பியர். மலை ஏறும் இரண்டரை மணி நேரத்தில் 70 ஆம்பியர்-மணிக்குமேல் கொடுக்கக்கூடியது. என்ஜின் நின்றதும் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஆகையால் பின்னால் எவ்வளவு செலவானாலும் என்ஜினைக் கிளப்புகிற பேட்டரியை அது தொடாது. அந்த இரவில் இது இருந்திருந்தால் பதினைந்து பேர் மழையில் நனைந்திருக்கவேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபிறகு வந்த பல வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் இந்தப் பெட்டி இல்லாமல் பின் பேட்டரி நிறையவே நிறையாது.

நான்காவது, கூரையில் சூரியத் தகடுகள், மொத்தம் 200 வாட். அதோடு எம்.பி.பி.டி. என்ற வகைக் கட்டுப்பாட்டுக் கருவி. விலை குறைந்த பழைய வகைக் கருவி தகட்டின் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும். அதில் கொஞ்சம் சக்தி வீணாகும். இது தகடு அதிகமாகக் கொடுக்கும் நிலையிலேயே அதை வைத்து வாங்கிக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் 50 ஆம்பியர்-மணி கிடைக்கிறது. மேகமூட்டத்தில் அதில் கால்வாசி வந்தால் பெரிது. டிரைவர் அண்ணனுக்கு ஒரு பாடமும் கிடைத்தது. முன்பு வண்டி சூடாகாதபடி மரநிழலில் நிறுத்துவார். இப்போது வெயிலில் நிறுத்திவிட்டு, நோயாளிகளை மரநிழலில் உட்காரவைக்கிறார். தகட்டின் ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலே வருகிற மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்த நான்கும் முடிந்தபிறகுதான், ஐந்தாவதாக, பேட்டரி வாங்கினோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, 200 ஆம்பியர்-மணி. இதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 160 வரை தாராளமாக எடுக்கலாம். அரை வயிற்றோடு கிடந்தாலும் ஈய பேட்டரிபோலக் கெடாது. எடையும் மிகக் குறைவு. ஈய அமில பேட்டரியை பிரான்சு தேசத்து கஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்தார். நூற்றறுபது வருடமாக உலகத்துக்கு உழைத்த அந்த பேட்டரியை நான் இழிவாகப் பேசமாட்டேன். முறையாக நிரப்பினால் இன்றைக்கும் அது நல்ல வேலைக்காரன். ஆனால் நம்முடைய ஓட்டத்துக்கு லித்தியம்தான் பொருந்துகிறது. ஒன்று சொல்லவேண்டும்: பழைய மெல்லிய வயரிலும் பழைய இணைப்பிலும் இதை நேராக மாட்டியிருந்தால், இதுவும் காலியாகவே கிடந்திருக்கும், அல்லது ஒரேயடியாக மின்சாரத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்திருக்கும். ஆகையால்தான் பேட்டரி கடைசி.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு நாள் முகாமுக்கு வேண்டியது 180. பேட்டரியில் இருப்பது 160. சூரியன் இரண்டு நாளில் கொடுப்பது 100. வெயில் இருந்தால் மீதம் வருகிறது. மழையானால் தட்டுப்பாடு வரும். அப்போது மின்விசிறியையும் கம்ப்யூட்டரையும் நிறுத்தி, குளிர்பெட்டியையும் விளக்கையும் காப்பாற்றுகிறோம். எதை முதலில் நிறுத்துவது என்று எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறோம்.

கடைசியாக ஒரு சிறிய காரியம். கொல்லிமலை ஊழியத்தை அறிந்தவர்களுக்கு ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு தம்பதியரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஜெஸ்ஸி 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எவலின் அம்மா முதிர்வயதிலும் மலை ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்து, 1974-இல் 95-ஆவது வயதில் இறந்தார்கள். அந்த நாட்களின் ராந்தல் விளக்கை ஆட்டிப் பார்த்தால் எண்ணெய் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பேட்டரியை ஆட்டிப் பார்க்க முடியாது. லித்தியம் பேட்டரியோ ஈய பேட்டரிபோல மங்கி மங்கி எச்சரிக்காது. கடைசிவரை நன்றாக எரிந்து, சட்டென்று நின்றுவிடும். ஆகையால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணி, மீதம் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு மீட்டரை சிஸ்டரின் கண்ணெதிரே வைத்தோம். குளிர்பெட்டியிலும் வெப்பமானி வைத்து, காலை மாலை இரண்டு வேளையும் நோட்டில் குறிக்கிறார்கள். இந்த மீட்டர் அன்றைக்கு இருந்திருந்தால், குளிர்பெட்டி நிற்பதற்கு முன்பே சிஸ்டர் மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டிக்கு மாற்றியிருப்பார்கள்.

2021-இல் வைத்த பேட்டரி இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அதன்பின் முகாமில் குளிர்பெட்டி நின்றதில்லை. வண்டியைத் தள்ளவும் இல்லை.

அன்பானவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இனிமேல் நாங்கள் ஒரு பொருளைக் கேட்டு எழுதும்போது, "பழையது ஏன் கெட்டது?" என்று எங்களைக் கேளுங்கள். கேட்டால் நாங்கள் வருத்தப்படமாட்டோம். 2017-இல் இரண்டாவது பேட்டரியை அனுப்பியபோது ஒரு பெரியவர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: "முந்தினது என்ன ஆயிற்று?" அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினார்கள். பழசாகிப்போயிற்று என்று பதில் எழுதச் சொன்னேன். அதற்கு அப்போது வயது இரண்டு. அந்த ஒரு வரியை நான் சரியாக வாசித்திருந்தால், 2018-இல் அந்தத் தாய் இருட்டில் படுத்திருந்திருக்கமாட்டாள்.

அந்தப் பெரியவர் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால், ஐயா, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும்.

 கூட்டம் முடிந்தபின் வண்டி வாசலில் நிற்கும். பின்கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். உள்ளே ஏறி, மீட்டரில் எத்தனை சதவீதம் என்று நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள்.